மல்லாட்டை பொக்காவது ஏன்? செல்லுக்குத் தேவை டானிக்கா, ஜிப்சமா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் செம்மண் நிலம், கிணற்றுப் பாசனம். போன போகத்தில் மல்லாட்டை (நிலக்கடலை)ச் செடி கரும்பச்சையாகச் செழித்து நின்றது. பிடுங்கிப் பார்த்தால் பாதிக் காய் பொக்கு, உள்ளே பருப்பு இல்லை. டிஏபி, யூரியா தவிர வேறெதுவும் இடவில்லை. இப்போதைய பயிருக்கு 38 நாள். உரக்கடையில் 'செல்களைப் பெருக்கும் டானிக்' தெளிக்கச் சொல்கிறார்கள். செல் என்றால் என்ன? தெளித்தால் பொக்கு குறையுமா?

பதில்: ஐயா, டானிக் வேண்டாம். அந்தப் பணத்துக்குச் சுண்ணாம்புச்சத்து உள்ள ஜிப்சம் வாங்குங்கள். 38 நாள்தான் ஆகிறது என்பதால் காலம் தவறவில்லை.

செல் என்னவென்று நீங்கள் கேட்டது எனக்கு மகிழ்ச்சி. பொக்குக்கான காரணமே அங்கேதான் இருக்கிறது. செடி, மாடு, மனிதன் எல்லா உடலும் செல்களால் ஆனவை. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்டவை உயிர்போன செல்களின் வெறும் சுவர்கள். நமக்கு முக்கியம் அந்தச் சுவர்தான். மாட்டின் செல்லுக்குச் சவ்வு மட்டும்தான். செடியின் செல்லுக்கு அதற்கு வெளியே சுவரும் உண்டு. அடுத்தடுத்த சுவர்களைச் செங்கல்லுக்கு நடுவே சாந்து போல ஒட்டவைப்பது பெக்டின். அதை இறுக்கிப் பிடிப்பது கால்சியம் என்கிற சுண்ணாம்புச்சத்து. பருப்பு திரள்வது என்றால் செல்கள் பிரிந்து பெருகி, பருத்து, நிறைவது. ஒவ்வொரு புதுச் சுவருக்கும் புதிதாகக் கால்சியம் வேண்டும்.

வேர் உறிஞ்சும் கால்சியம் தண்ணீரோடு மேலே ஏறி, நீராவி வெளியேறும் இலைகளுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து மாவுச்சத்தைச் சர்க்கரையாகக் கீழே கொண்டுவரும் குழாயில் கால்சியம் ஏறக்குறைய வருவதே இல்லை. பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கி, நுனியில் காயாகும் காம்புதான் விழுது. அதிலிருந்து நீராவியும் போகாது. அதனால் வேரின் தண்ணீரும் அந்தப் பக்கம் திரும்பாது. ஆகவே விழுதும் இளங்காயும் தம்மைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தாமே நேரடியாகக் கால்சியத்தை உறிஞ்சியாக வேண்டும். மேலே செழிப்பு, கீழே பொக்கு என்ற உங்கள் குழப்பத்துக்கு விடை இதுதான். இலையில் எதைத் தெளித்தாலும் காய்க்குக் கால்சியம் இறங்காது. டிஏபியில் கால்சியம் இல்லை. சூப்பர் பாஸ்பேட்டில் உண்டு, அடுத்த போகத்துக்கு அடியுரமாக அதை எண்ணிப் பாருங்கள்.

40 முதல் 45 நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தைச் செடியின் தூரை ஒட்டித் தூவி, கொத்தி மண் அணையுங்கள். ஈரம் இருக்கும்போது செய்யுங்கள். கரைந்தால்தான் காய் உறிஞ்சும். அதன் பிறகு களைக்கொத்தியால் மண்ணைக் கிளறக் கூடாது, இறங்கிய விழுது அறுந்துவிடும். இந்த நேரத்தில் பொட்டாஷ் மேலுரமும் வேண்டாம். காய் இருக்கும் மண்ணில் அது மிகுந்தால் கால்சியத்தை உள்ளே விடாது. ஜிப்சத்தில் கந்தகமும் இருப்பதால் எண்ணெய்க்கும் புரதத்துக்கும் நல்லது.

காய் பிடிக்கும் பருவத்தில் தண்ணீர் குறைந்தாலும் பொக்கு வரும், பாய்ச்சலைத் தள்ளிப்போடாதீர்கள்.

அறுவடையில் சில பருப்புகளைப் பிளந்து பாருங்கள். உள்ளே முளைக்குருத்து கறுத்திருந்தால் கால்சியம் இன்னும் போதவில்லை. பருப்பின் உட்பக்கம் குழிந்து பழுப்பாக இருந்தால் போரான் குறைவு. அதை அளவு தெரியாமல் இட்டால் பயிருக்கு நஞ்சாகிவிடும். காயையும் மண் மாதிரியையும் விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டி, அவர்கள் சொல்லும் அளவில் இடுங்கள்.