பில்டருக்கு முன்னால் கரணை: இங்கிலாந்துத் தொல்லியல் வேலை பற்றிச் சில கேள்விகள்

இங்கிலாந்தில் தொல்லியல் ஆலோசனை நிறுவனங்களில் பல வருடம் மண் கிளறியவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகள் இவை. பதில்கள் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ் விதிகள் வேறு.

சென்னையிலிருந்து ஒரு சிவில் இன்ஜினியர்: வீடு கட்டுகிற கம்பெனி உங்களுக்கு ஏன் பணம் கொடுக்கிறது? நல்ல மனசா?

நல்ல மனசு இல்லை சார், பிளானிங் அனுமதி. 1989இல் லண்டனின் சதக் பகுதியில் ஆபீஸ் கட்டப்போன இடத்தில் ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. ஷேக்ஸ்பியர் காலத்து அரங்கு. நடிகர்களே தெருவில் இறங்கிப் போராடினார்கள். அடுத்த வருடம், 1990 நவம்பரில், பிபிஜி 16 என்ற அரசு வழிகாட்டுதல் வந்தது: மண்ணுக்கடியில் இருப்பதைக் கெடுக்கப்போகிறவரே அதை ஆராயும் செலவையும் ஏற்கவேண்டும். அதன் பெயர் பிறகு மாறிவிட்டது, கொள்கை மாறவில்லை. உள்ளாட்சியின் தொல்லியல் அதிகாரி எவ்வளவு ஆய்வு வேண்டும் என்பார். பில்டர் எங்களிடம் கொட்டேஷன் கேட்பார். ஆமாம், கொட்டேஷன்தான். மலிவாகக் கேட்டவருக்கு வேலை போவது இந்தத் துறையின் பழைய வியாதி.

திருச்சி, எம்.ஏ. வரலாறு மாணவி: சைட்டில் ஒரு நாள் எப்படிப் போகும் அண்ணா?

முதலில் பழைய வரைபடங்களையும் ஆவணங்களையும் புரட்டி ஓர் அறிக்கை. அப்புறம் மண்ணுக்கடியில் புதைந்திருப்பதைக் காந்த மாற்றத்தால் காட்டும் காந்தமானியைச் சுமந்துகொண்டு வயல் முழுக்க நடை. அதற்குப் பிறகு சோதனைக் குழிகள்: பெரும்பாலும் 30 அல்லது 50 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். மேல்மண்ணைப் பொக்லைன்தான் எடுக்கும், ஆனால் பல் இல்லாத பக்கெட் மாட்டியிருக்கும். நான் பக்கத்திலேயே நின்று மண்ணின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மஞ்சள் களிமண்ணில் ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தால் கையைத் தூக்குவேன், பொக்லைன் நிற்கும்.

அந்த வட்டம் ஒரு பழைய குழி. அதில் பாதியை மட்டும் முதலில் தோண்டுவோம், இட்லியை நடுவில் வெட்டிய மாதிரி. வெட்டுமுகத்தில் எந்த மண் எதன்மேல் விழுந்தது என்று தெரியும். காய்ந்துவிட்டால் எல்லாம் ஒரே நிறமாகிவிடும், அதனால் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பார்ப்போம். பத்துக்கு ஒன்று அளவில் வரைபடம், போட்டோ, உயர அளவு. ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் எண், ஒரு தாள். பிறகுதான் மறுபாதி. இந்த எண்களை மேலிருந்து கீழாகக் கோத்தால், 1973இல் எட்வர்ட் ஹாரிஸ் வகுத்த ஹாரிஸ் மேட்ரிக்ஸ். பார்க்க வம்சாவளிப் படம் போல இருக்கும்.

தோண்டிய குழியைத் திரும்பத் தோண்ட முடியாது. முதல் வருடம் மழையில் அவசரப்பட்டு இரண்டு பானை ஓட்டுப் பைகளில் ஒரே எண்ணை எழுதிவிட்டேன். எந்த ஓடு எந்தக் குழியிலிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

கோவை வாசகர்: தங்கம் ஏதாவது?

இல்லை. கிடைத்தாலும் எனக்கில்லை. சாதாரணப் பொருள் நிலச் சொந்தக்காரருடையது. புதையல் என்றால் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி தகவல் சொல்லியாக வேண்டும். (நம் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தில் 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குச் சொல்லவேண்டும்!)

தங்கத்தை விட்டுத்தள்ளுங்கள். லண்டனில் புளூம்பெர்க் தலைமையகம் எழுந்த இடத்தில் மோலா நிறுவனம் தோண்டியபோது 400க்கு மேல் ரோமானிய எழுத்துப் பலகைகள் கிடைத்தன. வால்புருக் ஓடையின் ஈரமண்ணில் காற்று புகாததால் மரம் மக்கவில்லை. ஒன்றில் கி.பி. 57, ஜனவரி 8 என்று தேதி. விஷயம்? திபுல்லுஸ் என்ற முன்னாள் அடிமை, கிராத்துஸ் என்ற இன்னொரு முன்னாள் அடிமைக்குச் சரக்கு வாங்கிய வகையில் 105 தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) தரவேண்டும். அதாவது புரோநோட்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து: எலும்பு வந்தால் என்ன செய்வீர்கள்?

வேலையை நிறுத்துவோம், நீதி அமைச்சகத்தின் உரிமம் வாங்குவோம். பொதுமக்கள் பார்வையில் படாமல் மறைப்புக் கட்டுவோம். பெரும்பாலும் பெயர் தெரியாது. அபூர்வமாகத் தெரியும்: ஆஸ்திரேலியாவைக் கப்பலில் சுற்றிவந்த மேத்யூ ஃபிளிண்டர்ஸின் கல்லறை, எச்எஸ்2 என்ற அதிவேக ரயில் பாதைக்காக யூஸ்டன் பக்கத்துப் பழைய இடுகாட்டைத் தோண்டியபோது 2019இல் கிடைத்தது. சவப்பெட்டிமேல் இருந்த ஈயத் தகடு சொல்லிக்கொடுத்தது. 2024இல் அவர் சொந்த ஊரான டானிங்டனில் மறுபடி அடக்கம் செய்தார்கள்.

மதுரை, கல்லூரி மாணவர்: தோண்டப் பிடிக்காவிட்டால் இந்தத் துறையில் இடமில்லையா?

நிறைய இருக்கிறது தம்பி. எலும்பு பார்ப்பவர், பானை ஓடு பார்ப்பவர், கணினியில் வரைபடத் தகவல்களைக் கையாளும் ஜிஐஎஸ் ஆள், படம் வரைபவர், அறிக்கை எழுதுபவர். 40 லிட்டர் மண்ணைத் தொட்டியில் கரைத்து, மிதந்து வரும் கருகிய தானியத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அந்த ஊரில் கோதுமை தின்றார்களா பார்லி தின்றார்களா என்று சொல்கிறவர் உண்டு. எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமை. ஆனால் ஒரு வருடமாவது சேற்றில் நின்றுவிட்டு உள்ளே போங்கள். மண் தெரியாதவர் எழுதும் அறிக்கை வழவழவென்று இருக்கும்.

அதே மாணவர்: நம் ஊரில் இப்படிக் கம்பெனி தொடங்கலாமா?

தோண்டும் கம்பெனி கஷ்டம். அகழாய்வு அனுமதி பெரும்பாலும் மத்தியத் தொல்லியல் துறை, மாநிலத் துறை, பல்கலைக்கழகங்களோடு நின்றுவிடுகிறது. ஆனால் நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்று 2010 திருத்தம் சொல்கிறது. அங்கே கட்ட நினைப்பவருக்கு ஆலோசனை, ஆவணப்படுத்தல் போன்ற வேலை உண்டு.

தஞ்சாவூர், ஒரு அம்மா: மகள் இதற்குத்தான் போவேன் என்கிறாள். அனுப்பலாமா?

சம்பளத்தில் பணக்காரி ஆகமாட்டாள் அம்மா. ஆரம்பத்தில் ஒப்பந்தம் சில மாதங்களுக்குத்தான், ஊர் ஊராக மாற்றல். ஜனவரியில் விரல் மரத்துப்போகும். நாற்பது வயதில் முழங்கால் கணக்குக் கேட்கும். விசா விதிகளை அந்தந்த வருடம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதெல்லாம் தெரிந்தும் போவேன் என்றால் தடுக்காதீர்கள்.

சேலம்: கரணை ஊரிலேயே வாங்கிப் போகலாமா?

கொத்தனார் கரணை பெரிது, வளையும். இங்கே 4 அங்குலத்தில், ஒரே இரும்பில் அடித்தது வேண்டும், வந்து வாங்குங்கள். ஊருக்கு வரும்போது செக்-இன் பெட்டியில் போடுங்கள். ஆறு வருடம் தேய்த்த கரணையைக் கைப்பையில் வைத்து, ஏர்போர்ட் செக்யூரிட்டியிடம் பறிகொடுத்தவன் நான்.