கேள்வி – பதில்: மேசையைப் பார்த்தாலே சோர்வு

கேள்வி: உப்புவெளியில் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். மேசையைக் கண்டாலே மனம் சோர்கிறது, ஒதுக்க நேரமில்லை. என்ன செய்யலாம், அக்கா?

பதில்: முழு மேசையையும் ஒதுக்க வேண்டாம், தங்கச்சி. நான் கந்தோரில் இருந்த காலத்தில், பின்னேரம் எழும்ப முன் மூன்று நிமிசம் செலவழிப்பேன். தேத்தண்ணிக் கோப்பை குசினிக்கு, பேனைகள் லாச்சிக்குள், நாளைக்கு முதலில் தொட வேண்டிய பைல் மட்டும் நடுவில். காலையில் கண் அதில்தான் விழும். மனமும் அங்கேயே நிற்கும். கண்முன் கிடக்கும் பொருள்கள் கவனத்துக்குப் போட்டி போடுவதை பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் மூளையிலேயே அளந்து காட்டினார்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதி படியும். காலையில் ஈரத்துணியால் ஒருதரம் துடையுங்கள். அந்தக் குளிர்ச்சியே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பழைய பில்களை இன்றைக்குத் தொடாதீர்கள், அது ஞாயிற்றுக்கிழமை வேலை.