பூசினால் அடங்கி, விட்டால் திரும்பும் படர்தாமரை

கேள்வி: என் கணவருக்கு எட்டு மாதங்களாகத் தொடை இடுக்கில் படர்தாமரை இருக்கிறது. மருந்துக் கடையில் கொடுத்த களிம்பைப் பூசினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்குகிறது. நிறுத்தினால் மீண்டும் வந்துவிடுகிறது. இப்போது இடுப்பைச் சுற்றியும் பரவியுள்ளது. ஆறு வயது மகனுக்குத் தலையில் ஓரிடத்தில் முடி கொட்டிவிட்டது. புழுவெட்டு என்று நினைத்துச் சின்ன வெங்காயம் தேய்த்து வருகிறோம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா, டாக்டர்?

பதில்: தொடர்பு இருக்க வாய்ப்புண்டு. எனவே இருவரையும் ஒன்றாகவே தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன், அந்தக் களிம்பு என்ன செய்துவந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

தோலின் மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உண்டு வாழும் பூஞ்சைகளால் வருவது படர்தாமரை. அரிப்பும் சிவப்பும் அந்தப் பூஞ்சையை எதிர்த்து நம் உடல் காட்டும் அறிகுறிகள். சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் பூஞ்சைக்கான மருந்தோடு குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் அரிப்பு நிற்கிறது. நோய் குணமாகிவிட்டதாக நாம் நம்புகிறோம். பூஞ்சையோ தடையின்றிப் பரவுகிறது. மாதக்கணக்கில் பூசும்போது தொடை இடுக்கின் தோல் மெலிந்து, ஒருபோதும் முழுமையாக மறையாத வரித் தழும்புகளும் விழலாம். மருத்துவரின் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு மத்திய அரசு ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை அட்டவணை எச்-இல் சேர்த்த பிறகும், அவை இன்னும் இவ்வளவு எளிதாகக் கிடைப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருக்குமானால் அதை நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்திய சில நாட்களில் அரிப்பும் சிவப்பும் முன்பைவிட அதிகமாகக்கூடும். பலர் அந்த வேதனை தாங்காமல்தான் மறுபடியும் அதே டியூபைத் தேடுகிறார்கள். உங்கள் கணவர் அந்த நாட்களைப் பொறுத்துக் கடக்க வேண்டும். அரிப்பைத் தணிக்க மருத்துவர் தனியாக மாத்திரை தருவார்.

தோலைச் சுரண்டி எடுத்த செதிலை நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையை உறுதி செய்துவிடலாம். இந்தியாவில் இப்போது அதிகமாகக் காணப்படும் டிரைகோஃபைட்டான் இண்டோடினியே என்னும் வகை, முன்பு நன்றாக வேலை செய்த டெர்பினாஃபின் மாத்திரைக்குப் பல நேரங்களில் கட்டுப்படுவதில்லை என்பதால், இட்ரகொனசோல் மாத்திரையை நான்கு முதல் எட்டு வாரங்கள், சிலருக்கு அதற்கும் மேல் தர வேண்டியிருக்கிறது. இதய பலவீனமோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு அது ஏற்றதன்று; வயிற்றுப்புண்ணுக்கான மாத்திரைகள் அதன் பலனைக் குறைக்கும்; கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடு சேர்த்து உட்கொள்வது ஆபத்து. எனவே இதையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சைக் களிம்பைத் தடிப்பின் மேல் மட்டுமன்றி, அதன் விளிம்பிலிருந்து சுமார் 2 செ.மீ. வெளியே வரையிலும் பூசி, தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரமாவது தொடர வேண்டும். சர்க்கரை அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இடுப்பைச் சுற்றிப் பரவியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கணவர் அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் கழற்றிவிடச் சொல்லுங்கள். ஈரமும் பூஞ்சையும் அதில் தங்கிக்கொண்டே இருக்கும். உள்ளாடைகளை வெந்நீரில் தனியாகத் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி நல்ல வெயிலில் காயப்போடுங்கள். துண்டை யாரும் பகிர வேண்டாம். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவருக்கும் இதே சமயத்தில் சிகிச்சை நடக்க வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் நோய் வீட்டுக்குள்ளேயே சுற்றிவரும். சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதன் இலையில் பூஞ்சைக்கு எதிரான பொருள்கள் இருப்பது உண்மை என்றாலும், ஸ்டீராய்டால் மெலிந்த தோலில் அது புண்ணாக்கிவிடும்.

மகனைப் பற்றித்தான் எனக்கு அவசரம் தோன்றுகிறது. புழுவெட்டில் முடி உதிர்ந்த இடம் வழுவழுப்பாக, செதிலின்றி இருக்கும். அந்த இடத்தில் செதிலும் அரிப்பும், முறிந்த முடிகளின் கரும்புள்ளிகளும் தெரிந்தால், பின்கழுத்தில் நெறி கட்டியிருந்தால், அது தலையில் வந்த படர்தாமரையாகவே இருக்கக்கூடும். பூஞ்சை முடியின் வேருக்குள் புகுந்துவிடுவதால் களிம்பு அங்கே எட்டாது. கிரிசியோஃபல்வின் போன்ற மருந்தை எடைக்கேற்ற அளவில், பால் அல்லது கொழுப்புள்ள உணவோடு, ஆறு முதல் எட்டு வாரங்கள் கொடுக்க வேண்டும். அந்த இடம் கொழகொழவென வீங்கிச் சீழ் கட்டினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். வேர்கள் தழும்பாகிவிட்டால் அங்கே முடி மீண்டும் முளைக்காது. வெங்காயம் தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். சீப்பும் தொப்பியும் அவனுக்குத் தனியாக இருக்கட்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது, இதுவரை பூசிய களிம்புகளின் டியூப்களை, காலியானவை உட்பட, கையோடு கொண்டு செல்லுங்கள். அவற்றில் எந்த ஸ்டீராய்டு எவ்வளவு இருந்தது என்பது தெரிந்தால் அவருக்குச் சிகிச்சையைத் தீர்மானிப்பது எளிதாகும்.