அடுக்குச் செம்பருத்தி ஏன் காய்ப்பதில்லை?

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வாசலில் பன்னிரண்டு வருஷமாக ஒரு சிவப்பு அடுக்குச் செம்பருத்தி நிற்கிறதாம். மாமியார் வைத்த செடி. பூஜைக்கு நாள் தவறாமல் ஏழெட்டுப் பூ கிடைக்கிறது, ஆனால் இதுவரை ஒரு காய்கூடப் பிடித்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர், "இது ஆண் செடிங்க, காய்க்காது, பெண் செடி ஒன்று வாங்கிப் பக்கத்தில் வையுங்கள்" என்று சொல்லிவிட்டார். ஓசூரில் இருக்கும் மகளுக்கு இதே செடியின் விதையை அனுப்ப ஆசை, என்ன செய்வது என்று கேட்கிறார்.

முதலில் அந்த ஆண் செடிக் கதையை விடுங்கள் அம்மா. பப்பாளியிலும் பனையிலும் ஆண் வேறு, பெண் வேறு. செம்பருத்தியில் அப்படிக் கிடையாது, ஒரே பூவில் இரண்டும் இருக்கிறது. பள்ளியில் பூவின் பாகங்களைச் சொல்லிக்கொடுக்க இந்தப் பூவைத்தான் கையில் கொடுப்பார்கள், அதற்குக் காரணமே எல்லாப் பாகமும் கண்ணுக்குத் தெரியும் அளவில் ஒரே பூவில் கிடைப்பதுதான்.

நாளைக் காலை ஒரு வேலை செய்யுங்கள். தெருவில் யார் வீட்டிலாவது ஐந்து இதழ் ஒற்றைச் செம்பருத்தி இருக்கும், அதில் ஒரு பூவும் உங்கள் செடியில் ஒரு பூவும் பறித்து, இரண்டையும் பிளேடால் நெடுக்குவாட்டில் இரண்டாகக் கிழியுங்கள். ஒற்றைப் பூவின் நடுவிலிருந்து ஒரு நீண்ட குழல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தத் தாள்கள் எல்லாம் அடியில் ஒன்றாக ஒட்டிச் சேர்ந்த குழல் அது. அதன் மேல்பாதியில் சின்னச் சின்ன மஞ்சள் குண்டுகளாக மகரந்தப் பைகள். அந்தக் குழலுக்குள்ளேயே நூல் மாதிரி சூல்தண்டு ஓடி, நுனியில் ஐந்தாகப் பிரிந்து, குண்டூசித் தலை அளவில் ஐந்து வெல்வெட் பொட்டுகளாக முடிகிறது. அவைதான் சூலகமுடிகள், மகரந்தம் வந்து ஒட்ட வேண்டிய இடம். அடியில், பச்சைப் புல்லிக்குள், பிறகு காயாக வேண்டிய, ஐந்து அறை கொண்ட சூலகம். வெண்டைப்பிஞ்சைக் குறுக்கே நறுக்கினால் தெரியுமே ஐந்து அறை, கிட்டத்தட்ட அதே அமைப்பு. ஆச்சரியமில்லை, வெண்டை, பருத்தி, பூவரசு, துத்தி, புளிச்சக்கீரை எல்லாம் இதன் சொந்தக்காரர்கள்தான்.

இப்போது உங்கள் அடுக்குப் பூவைப் பாருங்கள். குழல் எங்கே? தேட வேண்டியிருக்கும். மகரந்தத் தாளாக வளர்ந்திருக்க வேண்டியவை பல இதழாக மாறிவிட்டன, அந்த அடுக்கே அப்படி வந்ததுதான். சில இதழின் ஓரத்தில் ஒரு மஞ்சள் பை பாதி ஒட்டிக்கொண்டிருப்பதைக்கூடப் பார்க்கலாம், இதழாவதா தாளாவதா என்று முடிவெடுக்காமல் நடுவில் நின்றுபோன மாதிரி. நமக்கு அழகு கூடிற்று, செடிக்கு மகரந்தம் குறைந்தது.

சரி, ஒற்றைப் பூவுக்கு அந்தக் குறை இல்லையே, அதுவும் நம் ஊரில் பெரும்பாலும் காய்ப்பதில்லையே என்று கேட்பீர்கள். அங்கேதான் இந்தச் செடியின் வரலாறு குறுக்கே வருகிறது. செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த ஸ்வீடன்காரர் லின்னேயஸ் 1753-ல் இதற்கு ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ் என்று பெயர் வைத்தார், சீனத்து ரோஜா என்று பொருள். ஆனால் சீனாவிலும் சரி, வேறெங்கும் சரி, இது காட்டில் தானாக வளர்ந்து யாரும் கண்டதில்லை. பசிபிக் தீவுகளைச் சேர்ந்த இரண்டு காட்டு இனங்கள் மனிதர் கையில் கலந்து பிறந்த கலப்பு இது என்பது அண்மைக்கால ஆய்வாளர்களின் கருத்து. பிறகு கப்பலேறி ஊர் ஊராகப் போயிருக்கிறது, போன இடத்திலெல்லாம் குச்சி ஒடித்தே பெருக்கியிருக்கிறார்கள். மலேசியாவில் இது 1960 முதல் தேசிய மலர், அங்கேயும் இது வந்த செடிதான். நம்மிடம் வந்து பல நூறு வருஷமாகிவிட்டதால் அம்மன் பூவாகி, யாழ்ப்பாணத்தில் செவ்வரத்தையாகி, தலைக்குத் தேய்க்கும் தாளியாகி, யாரும் இதை வெளியூர்ச் செடி என்றே நினைப்பதில்லை.

இப்படிக் கலப்பில் பிறந்து, திரும்பத் திரும்பக் கலந்து வந்ததால் ரகத்துக்கு ரகம் குரோமோசோம் (பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் நுண்ணிய இழை) எண்ணிக்கையே மாறுகிறது. மகரந்தமும் சூலும் உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து சரிபாதியாகப் பிரிய வேண்டும். கணக்கு ஒத்துவராத செடியில் ஜோடி கிடைக்காமல் தாறுமாறாகப் பிரியும், அப்படி உருவாகும் மகரந்தத்தில் பெரும்பகுதி சொத்தை. போதாததற்கு ஒரு தெருவில் உள்ள சிவப்புச் செடிகள் பெரும்பாலும் ஒரே தாய்ச்செடியின் குச்சிகள், பார்வைக்குப் பத்துச் செடி, உள்ளே ஒரே செடி. ஒன்றின் மகரந்தம் இன்னொன்றுக்குப் போனாலும் தன்னோடு தானே சேர்ந்த மாதிரிதான், பல ரகங்கள் அதை ஏற்பதில்லை.

தேன்சிட்டு வந்து சேர்த்துவிடாதா என்றால், எங்கள் வீட்டில் நான் பார்த்த வரைக்கும் அது பூவின் முன்பக்கம் வருவதே அபூர்வம். காம்பில் உட்கார்ந்து, இதழின் அடியில் அலகால் ஓட்டை போட்டுத் தேனை உறிஞ்சிவிட்டுப் போய்விடுகிறது. மகரந்தத்தின் மேல் இறகுகூடப் படுவதில்லை. திருட்டுதான், ஆனால் பார்க்க அழகாக இருக்கும்.

ஆகவே உங்கள் செடிக்கு நோயும் இல்லை, சத்துக் குறைவும் இல்லை. அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள், உரம் போட்டுக் காய்க்க வைக்கவும் முயல வேண்டாம்.

இன்னொன்று. "இருபது நிறச் செம்பருத்தி விதை, நீலம் உட்பட" என்று இணையத்தில் விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள். நானே ஒரு தடவை ஏமாந்து ஒரு பாக்கெட் வாங்கி விதைத்தேன். முளைத்து வளர்ந்தது அசல் புளிச்சக்கீரை. கடைந்து சாப்பிட்டோம், நன்றாகத்தான் இருந்தது. படத்தில் காட்டும் பளீர் நீலம் செம்பருத்தியில் கிடையாது. அப்படியே நல்ல விதை கிடைத்தாலும் அதிலிருந்து வரும் செடி தாயைப் போல இருக்காது. நிறம், அடுக்கு எல்லாம் குலுக்கல் சீட்டு மாதிரி. மாமியார் வைத்த அதே செடி மகள் வீட்டிலும் வேண்டும் என்றால் விதை உங்களுக்கு உதவவே உதவாது, குச்சிதான்.

புரட்டாசி, ஐப்பசியில் ஈரக்காற்று இருக்கும்போது எடுப்பது நல்லது. இளம்பச்சைத் தளிரும் வேண்டாம், அடிமரம் மாதிரி முற்றியதும் வேண்டாம், பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கிய, பென்சில் தடிமனுள்ள கிளையில் ஆறு அங்குலம் போதும். கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு இலையை மட்டும் பாதியாக நறுக்கி விடுங்கள், முழு இலை இருந்தால் வேர் வருவதற்குள் குச்சியின் ஈரத்தை அது குடித்துவிடும். பாதி ஆற்றுமணல், பாதி தேங்காய்நார்க் கழிவு. இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும். மழை நேரடியாகக் கொட்டாத தாழ்வாரத்தில் வையுங்கள், தண்ணீர் தேங்கினால் அடி கறுத்து அழுகிவிடும். இதில் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று: இரண்டு வாரத்தில் தளிர் எட்டிப் பார்த்ததும் வேர் விட்டுவிட்டது என்று பிடுங்கிப் பார்ப்பது. அந்தத் தளிர் குச்சியில் மிச்சமிருக்கும் சத்தில் வருவது, வேர் நன்றாக இறங்க ஒரு மாதம், ஒன்றரை மாதம்கூட ஆகும். பத்துக் குச்சி வையுங்கள், நாலைந்து தேறினால் லாபம்.

காய் ஒன்றைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்ற ஆசை இருந்தால், அதற்கும் வழி உண்டு, உங்கள் அடுக்கில் மட்டும் முயலாதீர்கள். வேறு நிறத்தில் ஒரு ஒற்றைச் செடி, இல்லாவிட்டால் இதழ் கிழிந்து தலைகீழாகத் தொங்கும் ஜிமிக்கிச் செம்பருத்தி (அது கிழக்கு ஆப்பிரிக்காக்காரர், தனி இனம், ஆனால் இதோடு கலக்கும்) கிடைத்தால், காலையில் அதன் குழலைக் கிள்ளி, உங்கள் தெரு ஒற்றைப் பூவின் ஐந்து பொட்டிலும் மஞ்சள் தூள் ஒட்டும்படி தடவுங்கள். மகரந்தம் பெரியது, பிசுபிசுப்பானது, ஒட்டியது கண்ணுக்கே தெரியும். கடும் வெயில் காலத்தில் வேண்டாம், மார்கழி, தையில் செய்யுங்கள். பூ உதிர்ந்த பிறகும் காம்பு மஞ்சளாகாமல், புல்லிக்குள் பச்சையாக ஒரு உருண்டை தடித்துக்கொண்டு வந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். முற்றிக் காய்ந்து ஐந்தாக வெடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். பத்துப் பூவுக்குத் தடவி ஒன்று பிடித்தாலே நான் சந்தோஷப்படுவேன்.

மகளுக்கு வெறும் குச்சியாக அனுப்பாதீர்கள், ஓசூர்க் குளிரில் வேர் விட மெத்தனப்படும். உங்கள் ஊரிலேயே வேர் விட வைத்து, தை கழிந்ததும் பையோடு கொடுத்தனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததும் இலை கொஞ்சம் கொட்டும், பயந்து தண்ணீரை அள்ளி ஊற்ற வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.