மறைத்தார்கள், சரி. திருடினார்களா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ஊடகங்களைப் பற்றிய உங்கள் குறிப்பில், அங்குள்ள பழமைவாதிகளின் புலம்பலில் பாதிக்கு மேல் நியாயம் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். தமிழில் இதை யாராவது சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் டல்லாஸில் வசிக்கிறேன். குடியுரிமை பெற்றதிலிருந்து குடியரசுக் கட்சிக்குத்தான் வாக்களிக்கிறேன். நம்மவர்கள் கூடும் இடத்தில் இதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஒரு பொங்கல் விழாவில் சொல்லிவிட்டேன், அதற்குப் பிறகு இரண்டு குடும்பங்கள் எங்களை அழைப்பதில்லை.

ஊரில் சன் டிவி பார்த்தால் ஒரு தேர்தல், ஜெயா டிவி பார்த்தால் வேறொரு தேர்தல். அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அதனால் இங்கே வந்த புதிதில் சிஎன்என்னும் நியூயார்க் டைம்ஸும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தன. பிறகுதான் புரிந்தது. ஹன்டர் பைடன் லேப்டாப் விவகாரத்தை அமுக்கினார்கள். பைடனின் தள்ளாமையை மறைத்தார்கள். இப்போது ஃபாக்ஸும் சில யூட்யூப் சேனல்களும் மட்டும்தான் பார்க்கிறேன்.

என் கேள்வி இதுதான். 2020 தேர்தலில் மோசடி நடக்கவில்லை என்று சொல்பவர்களும் இதே ஆட்கள்தானே? அன்று இரவு படுக்கப் போகும்போது பென்சில்வேனியாவில் ட்ரம்ப் பல லட்சம் வாக்குகள் முன்னிலை. எழுந்து பார்த்தால் கரைந்துகொண்டிருக்கிறது. மற்றதில் பொய் சொன்னவர்கள் இதில் மட்டும் உண்மை சொல்கிறார்கள் என்று நான் ஏன் நம்ப வேண்டும்? கல்லூரியில் படிக்கும் என் மகள் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள்.

என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், டல்லாஸ்

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் இரண்டு வழக்குகளை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். முதல் வழக்கில் நான் உங்கள் பக்கம். இரண்டாவதில் இல்லை. பிரித்தே பேசுகிறேன்.

லேப்டாப் விவகாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 2020 அக்டோபர் 14, தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஜோ பைடனின் மகன் ஹன்டர் ஒரு பழுதுபார்க்கும் கடையில் விட்டுப்போன லேப்டாப்பில் இருந்த மின்னஞ்சல்கள் என்று நியூயார்க் போஸ்ட் ஒரு செய்தியை வெளியிட்டது. ட்விட்டர் அந்த இணைப்பையே பகிர முடியாமல் தடுத்தது. பத்திரிகையின் கணக்கையும் ஏறத்தாழ இரண்டு வாரம் பூட்டி வைத்தது. ஃபேஸ்புக் அந்தச் செய்தி பரவும் வேகத்தைக் குறைத்தது. ஐந்து நாள் கழித்து முன்னாள் உளவு அதிகாரிகள் 51 பேர் ஒரு கடிதம் வெளியிட்டார்கள்: இது ரஷ்ய வேலையின் சாயலோடு இருக்கிறது என்று. ரஷ்யாவின் பங்குக்குத் தங்களிடம் ஆதாரம் இல்லை என்றும் அதே கடிதத்தில் எழுதியிருந்தார்கள். தலைப்புச் செய்தியில் சாயல் வந்தது, 'ஆதாரம் இல்லை' உள்ளேயே தங்கிவிட்டது. அக்டோபர் 22 விவாத மேடையில் ஜோ பைடன் அந்தக் கடிதத்தைத்தான் கேடயமாகப் பிடித்தார்.

அந்த லேப்டாப்பின் வன்தட்டு ட்ரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானியின் கை வழியாக வந்தது. அந்தக் கையிலிருந்து வரும் எதையும் சரிபார்க்காமல் போட எந்த ஆசிரியரும் தயங்குவார், தயங்கவும் வேண்டும். அந்த மின்னஞ்சல்களை வைத்து ஜோ பைடன் லஞ்சம் வாங்கினார் என்று நிறுவ முடியுமா என்பதும் வேறு கேள்வி. ஆனால் தயக்கம் என்றால் சில நாட்கள், அதிகம் போனால் சில வாரங்கள். நியூயார்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்டும் அதிலிருந்த மின்னஞ்சல்களைச் சரிபார்த்து உண்மை என்று எழுதியது 2022 மார்ச்சில். 17 மாதம்! நடுவில் ஒரு தேர்தல் முடிந்து, அதிபர் பதவியேற்று ஓராண்டும் ஓடிவிட்டது. 2024 ஜூனில் டெலவேர் நீதிமன்றத்தில் ஹன்டர் மீதான வழக்கில் அரசுத் தரப்பே அந்த லேப்டாப்பைச் சான்றாகக் காட்டியது.

பைடனின் வயது விஷயம் எனக்கு இதைவிட மோசமாகத் தெரிகிறது. லேப்டாப் எங்கோ ஒரு கடையில் கிடந்த பொருள். பைடன் தினமும் கேமரா முன்னால் நடந்தவர். 2023 ஆகஸ்டில் ஏபி செய்தி நிறுவனமும் நார்க் ஆய்வு மையமும் எடுத்த கருத்துக்கணிப்பில் 77 சதவீதம் பேர், இன்னொரு நான்காண்டுக்கு அவருக்கு வயது தாங்காது என்றார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்களிலேயே 69 சதவீதம். அதாவது அவருடைய சொந்தக் கட்சிக்காரனுக்கே கண்ணுக்குத் தெரிந்தது. 2024 பிப்ரவரியில் பைடன் ரகசிய ஆவணங்களை வைத்திருந்ததை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் ஹர் தன் அறிக்கையில் அவரை, நல்லெண்ணம் கொண்ட, நினைவாற்றல் குறைந்த முதியவர் என்று எழுதியதும் ஊடகங்கள் பாய்ந்தது பைடன் மேல் அல்ல, ஹர் மேல். மார்ச்சில் எம்எஸ்என்பிசி தொலைக்காட்சியின் ஜோ ஸ்கார்பரோ, இப்போதிருக்கும் பைடன்தான் இதுவரை இருந்ததிலேயே சிறந்த பைடன் என்று நேரலையில் சொன்னார். ஜூன் தொடக்கத்தில் பைடனின் தளர்ச்சி பற்றி வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. பேசியவர்களில் குடியரசுக் கட்சிக்காரர்கள்தான் அதிகம் என்று சொல்லி அதை ஒதுக்கினார்கள். ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் ட்ரம்புடன் விவாதம், பைடன் தடுமாறினார். மறுநாளே நியூயார்க் டைம்ஸ் தலையங்கம், விலகிக்கொள்ளுங்கள் என்றது. ஒரே இரவில் அவருக்கு வயதாகிவிட்டதா என்ன?

இதற்குச் சதி எதுவும் தேவையில்லை. யாரும் யாருக்கும் போன் போட்டு 'மூடு' என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1971 முதல் அமெரிக்கச் செய்தியாளர்களிடம் தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறார்கள். அந்த ஆண்டு தன்னைக் குடியரசுக் கட்சி என்று சொன்னவர்கள் நான்கில் ஒருவர். 2022இல் 3.4 சதவீதம். ஜனநாயகக் கட்சி என்று சொன்னவர்கள் 36 சதவீதம், மீதியில் பெரும்பாலானோர் சுயேச்சை. என்பிஆர் வானொலியில் 25 ஆண்டு வேலை பார்த்த யூரி பெர்லினர், தங்கள் வாஷிங்டன் செய்திப் பிரிவில் வாக்காளர் பதிவைத் தேடிப் பார்த்தபோது 87 ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இருந்தார்கள், மறுபக்கம் ஒருவர்கூட இல்லை என்று 2024 ஏப்ரலில் எழுதினார். ஐந்து நாள் இடைநீக்கம் செய்யப்பட்டார், பிறகு அவரே விலகினார். இப்படி ஓர் அறையில் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வராது. ட்ரம்ப் பற்றி ஒரு வதந்தி வந்தால் 'விசாரிப்போம்' என்று பத்துப் பேருக்குத் தோன்றும். பைடன் பற்றி வந்தால் 'இது யார் கிளப்பியது?' என்று அதே பத்துப் பேருக்குத் தோன்றும். இரண்டு கேள்வியும் நல்ல கேள்விதான். எதை யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் சார்பு இருக்கிறது.

இந்தக் கோபம் ட்ரம்ப் கொண்டுவந்ததும் இல்லை. 1964இல் குடியரசுக் கட்சியின் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் முன்னாள் அதிபர் ஐசனோவர், பரபரப்புத் தேடும் பத்தி எழுத்தாளர்களையும் விமர்சகர்களையும் பற்றி ஒரு வரி சொன்னார். சொன்னவர் சாது மனிதர். ஆனால் பிரதிநிதிகள் எழுந்து பத்திரிகையாளர் மாடத்தைப் பார்த்து முஷ்டியை உயர்த்திக் கத்தினார்கள். 1969 நவம்பரில் துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ டி மொய்ன் நகரில், யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு சிறு கூட்டம் நாடு எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானிக்கிறது என்று பேசினார். வேடிக்கை என்னவென்றால், அவர் திட்டிய மூன்று தொலைக்காட்சிகளும் அந்தப் பேச்சை நேரலையாகவே ஒளிபரப்பின.

சன், ஜெயா என்று சொன்னீர்கள். அங்கே கொடி திரையிலேயே தெரியும். எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்று பார்ப்பவருக்குத் தெரியும், கழித்துக்கொண்டே பார்ப்போம். அமெரிக்காவில் உங்களுக்கு எரிச்சல் வந்தது, கொடி இல்லை என்று அவர்கள் சாதித்ததால். அது நியாயமான எரிச்சல்.

சரி, 2020.

பென்சில்வேனியாவில் தபால் வாக்கு உறைகளைத் தேர்தல் நாள் காலை ஏழு மணிக்கு முன்னால் பிரிக்கவே சட்டம் இடம் தரவில்லை. அந்த ஆண்டு கொரோனா. தபால் வாக்கு வேண்டாம் என்று ட்ரம்ப் தன் ஆட்களிடம் மாதக்கணக்கில் சொல்லிவந்தார், ஜனநாயகக் கட்சி தன் ஆட்களிடம் தபாலில் போடுங்கள் என்றது. நேரில் போட்ட வாக்கை முதலில் எண்ணினால் யார் முந்துவார், உறைகள் பிரியப் பிரிய யார் ஏறுவார்? ஃப்ளோரிடாவில் முன்கூட்டியே உறைகளைப் பிரிக்கலாம், அதனால் அங்கே அன்று இரவே முடிவு தெரிந்தது. பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் அந்தச் சட்டத்தை மாற்றியிருக்க வேண்டிய சட்டமன்றங்கள் இரண்டும் அப்போது குடியரசுக் கட்சியின் கையில். தேர்தல் அதிகாரிகள் கேட்டும் மாற்றவில்லை. மில்வாக்கி நகரம் தபால் வாக்குகளை ஒரே இடத்தில் எண்ணி ஒரே மூட்டையாக அறிவிக்கும். ஏறக்குறைய 1,70,000 வாக்குகள் விடிகாலையில் மொத்தமாக வந்து விழுந்தது அப்படித்தான்.

இதெல்லாம் சிஎன்என் சொன்னது, நம்ப மாட்டேன் என்கிறீர்களா? நம்ப வேண்டாம். சிஎன்என்னை முழுக்க ஒதுக்கிவிட்டே பேசலாம். ட்ரம்ப் நியமித்த சட்ட அமைச்சர் வில்லியம் பார், முடிவை மாற்றும் அளவுக்கு மோசடி எதையும் காணவில்லை என்று 2020 டிசம்பர் 1 அன்று சொன்னார். ஜார்ஜியாவில் ஏறக்குறைய 50 லட்சம் வாக்குச்சீட்டுகளைக் கையால் எண்ண வைத்த மாநிலச் செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கர் குடியரசுக் கட்சிக்காரர், ட்ரம்புக்கு வாக்களித்தவர். அங்கே இறுதி வித்தியாசம் 11,779. அரிசோனா மாநில செனட்டின் குடியரசுக் கட்சியினர் தாங்களே ஒரு நிறுவனத்தை அமர்த்தி மரிகோப்பா மாவட்டத்து வாக்குகளை எண்ணச் சொன்னார்கள். மாதக்கணக்கில் எண்ணினார்கள். பைடனுக்கு 99 கூடியது, ட்ரம்புக்கு 261 குறைந்தது. ட்ரம்ப் தரப்பின் பென்சில்வேனியா வழக்கை மேல்முறையீட்டில் தள்ளுபடி செய்த ஸ்டெஃபனோஸ் பீபாஸ் ட்ரம்ப் நியமித்த நீதிபதி. குறிப்பான குற்றச்சாட்டு வேண்டும், பிறகு ஆதாரம் வேண்டும், இங்கே இரண்டுமே இல்லை என்று எழுதினார். பின்னால் முன்னாள் செனட்டர்களும் நீதிபதிகளும் அடங்கிய எட்டு பழமைவாதிகள் ட்ரம்ப் தரப்பு தொடுத்த 64 வழக்குகளையும் ஒவ்வொன்றாகப் படித்து இதே முடிவுக்கு வந்தார்கள்.

இவர்களில் யாரும் நியூயார்க் டைம்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கவில்லை. சிலர் இதற்காகப் பதவியையே இழந்தார்கள். அரிசோனா கீழவையின் சபாநாயகர் ரஸ்டி பவர்ஸ் முடிவை மாற்ற மறுத்தார். 2022 உட்கட்சித் தேர்தலில் சொந்தக் கட்சியே அவரைத் தோற்கடித்தது.

எனக்கு இதில் ஒரு பழமைவாதியின் வருத்தமே உண்டு. தேர்தலை வாஷிங்டன் நடத்தக் கூடாது, அந்தந்த மாநிலமும் மாவட்டமும் நடத்த வேண்டும் என்பது உங்கள் தரப்பின் பழைய வாதம். வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருப்பது உங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அந்த ஏற்பாட்டைக் காப்பாற்ற வேண்டியவர்களே அந்த அம்மாவின் வீட்டுக்கு மிரட்டல் போன் போகும்படி செய்துவிட்டார்கள். ஊடகங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பேன். லேப்டாப்பில் இழந்த நம்பிக்கையை அவர்கள் தேர்தல் நாளில் திரும்பக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்ன ஒரு சமயத்தில் நாட்டில் பாதிப் பேருக்கு அது காதில் ஏறவில்லை.

ஃபாக்ஸ் பார்க்கிறேன் என்றீர்கள். தேர்தல் இரவில் அரிசோனா பைடனுக்கு என்று முதலில் அறிவித்தது ஃபாக்ஸ்தான். அறிவிப்பு சரியாக இருந்தது. பார்வையாளர்கள் கோபித்துக்கொண்டு நியூஸ்மேக்ஸ் தொலைக்காட்சி பக்கம் போனார்கள். ஃபாக்ஸில் முடிவுகளைக் கணித்து அறிவிக்கும் பிரிவில் இருந்த கிறிஸ் ஸ்டைர்வால்ட் ஜனவரியில் வேலையை இழந்தார். வாக்கு எந்திரங்கள் மோசடி செய்தன என்ற கதையை நிகழ்ச்சிகளில் ஓடவிட்டார்கள். அந்த எந்திரங்களைத் தயாரிக்கும் டொமினியன் நிறுவனம் தொடுத்த வழக்கில் உள்ளே நடந்த பேச்சு வெளியே வந்தது: ட்ரம்ப் தரப்பு வழக்கறிஞர் சிட்னி பவல் பொய் சொல்கிறார் என்று ஃபாக்ஸ் தொகுப்பாளர் டக்கர் கார்ல்சனே சக தொகுப்பாளருக்குச் செய்தி அனுப்பியிருந்தார். தெரிந்துதான் செய்தார்கள். 2023 ஏப்ரலில் ஃபாக்ஸ் 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அமெரிக்க ஊடகத்தில் அதுவரை எந்த அவதூறு வழக்கிலும் வெளியே தெரிந்து இவ்வளவு பெரிய சமரசத் தொகை கைமாறியதில்லை. டைம்ஸ் தன் அறைக்குள் இருப்பவர்களுக்குப் பயந்தது என்றால் ஃபாக்ஸ் உங்களுக்குப் பயந்தது. உங்கள் யூட்யூப் சேனல்கள் இன்னும் அதிகமாகப் பயப்படும், அவர்களுக்கு நீங்கள் போனால் வேறு ஆளே இல்லை.

ஃபாக்ஸை நிறுத்தச் சொல்லவில்லை. வால் ஸ்ட்ரீட் ஜர்னலைச் சேர்த்துக்கொள்ளுங்கள், தலையங்கப் பக்கத்தைவிடச் செய்திப் பக்கத்தை. டைம்ஸையும் முழுக்க விட வேண்டாம். அவர்கள் உங்களுக்கு எதிராக எழுதும்போதுகூட யார் சொன்னார், எந்த ஆவணம் என்று பெரும்பாலும் இருக்கும், அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மகள் எழுந்து போவது பற்றி நான் என்ன சொல்ல. நீங்கள் இருவரும் ஆளுக்கொன்று படிப்பதாக ஓர் ஒப்பந்தம் போட்டுப் பாருங்களேன். நீங்கள் பீபாஸ் தீர்ப்பைப் படியுங்கள், சின்னதுதான், ஆங்கிலமும் எளிது. அவள் அந்த 51 பேரின் கடிதத்தையும், 2022 மார்ச்சில் டைம்ஸ் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். படித்த பிறகு இருவரும் என்ன பேசினீர்கள் என்று முடிந்தால் எழுதுங்கள், அப்போதும் பெயர் போட மாட்டேன்.