வடசென்னைக் கடைகளும் கூகுள் தேடலும்: டூல் வாங்கும் முன் படிக்க வேண்டியவை

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வண்ணாரப்பேட்டை, காசிமேடு, கொளத்தூர் பக்கம் கடை வைத்திருப்பவர்களுடையவை. சுற்றி வளைத்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எந்த எஸ்.இ.ஓ. டூல் (தேடலில் தளத்தை மேலே கொண்டுவர உதவும் மென்பொருள்) வாங்கினால் கூகுளில் மேலே வரலாம்? வாங்குவது இருக்கட்டும். உங்கள் தளத்தைப் பற்றிக் கூகுளே இலவசமாகச் சொல்வதை முதலில் படியுங்கள். முக்கால்வாசிப் பேர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

எம்.சி. ரோட்டில் நைட்டி, சுடிதார் மொத்த வியாபாரம். வெப்சைட் போட்டு நாலு மாசம் ஆகிறது. கடைப் பெயரையே அடித்தாலும் வரவில்லை. எஸ்.இ.ஓ. டூல் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா சார்?

வேண்டாம். சொந்தப் பெயருக்கே வரவில்லை என்றால், பெரும்பாலும் அது ரேங்க் பிரச்சினை இல்லை. உங்கள் தளம் கூகுளின் இண்டெக்ஸில், அதாவது தேடலில் காட்டுவதற்காக அது வைத்திருக்கும் பக்கப் பட்டியலில், இன்னும் ஏறவில்லை என்று அர்த்தம்.

கூகுள் சர்ச் கன்சோலுக்குப் போங்கள். உங்கள் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று கூகுளே காட்டும் இடம் அது. இலவசம். வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் கணக்கில் ஏற்கெனவே சேர்த்திருந்தால், உங்கள் ஜிமெயிலை ஓனராகப் போடச் சொல்லுங்கள். அவர் கையிலேயே விட்டுவைப்பது கடைச் சாவியைப் பெயின்டரிடம் கொடுத்துவிட்டு வருவது போல.

உள்ளே போனதும் உச்சியில் ஒரு நீளமான பெட்டி இருக்கும். அதில் உங்கள் முகப்புப் பக்க முகவரியை ஒட்டி என்டர் தட்டுங்கள். பக்கம் இண்டெக்ஸில் இருக்கிறதா, இல்லாவிட்டால் என்ன காரணம் என்று அதுவே சொல்லும். 'நோஇண்டெக்ஸ்' (இண்டெக்ஸில் சேர்க்காதே என்ற குறிப்பு) என்று வந்தால், வேர்ட்பிரஸ் தளமாக இருக்கும் பட்சத்தில் செட்டிங்ஸில் 'ரீடிங்' பக்கத்தின் அடியில் பாருங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் பெட்டி அங்கே உண்டு. தளம் கட்டும்போது டிக் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுகிறார்கள். நான் பார்க்கும் தளங்களில் இது அடிக்கடி நடக்கிறது. டிக்கை எடுத்து சேவ் செய்து, மறுபடி கன்சோலுக்கு வந்து 'ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்' கொடுங்கள். சைட்மேப் (தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் கோப்பு) முகவரியையும் சேர்த்துவிடுங்கள். ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரிகள் வரை அடங்கும். உங்களுக்கு ஒன்றே தாராளம். சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். தினமும் அந்தப் பொத்தானை அழுத்துவதால் சீக்கிரம் நடக்காது.

காசிமேட்டில் மீன் வாங்கி வீட்டுக்கு டெலிவரி செய்கிறோம். ஒரு மாதத்தில் முதல் பக்கம் கியாரண்டி, டொமைன் அத்தாரிட்டியை 40 ஆக்குகிறோம் என்று ஒரு ஏஜென்சி பெரிய தொகை கேட்கிறது. நம்பலாமா?

நம்பாதீர்கள். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. டொமைன் அத்தாரிட்டி என்பது ஒரு தளம் தேடலில் எவ்வளவு மேலே வரக்கூடும் என்று மோஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கணக்குக்குப் போடும் எண். கூகுள் அதைப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை. அந்த எண்ணைச் சீக்கிரம் ஏற்ற பலர் பிடிக்கும் குறுக்குவழி, சம்பந்தமில்லாத தளங்களில் காசு கொடுத்து லிங்க் வாங்குவது. 2012-ல் 'பென்குயின்' என்ற பெயரில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியபோது அப்படி லிங்க் வாங்கிய தளங்கள் பல சரிந்தன. ரேங்குக்காக லிங்க் வாங்குவது இன்றும் கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானதுதான்.

விடிகாலை ஏலத்தில் நின்று மீன் எடுத்துச் சம்பாதித்த பணம் அது. அன்றைக்கு என்ன மீன், கிலோ என்ன விலை, எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்குக் கொடுப்பீர்கள் என்று தளத்தில் போட ஒரு ஆளுக்குக் கொடுங்கள். தேடி வருகிறவருக்கு வேண்டியது அதுதான்.

கொளத்தூரில் கலர் மீன் கடை. எந்தக் கீவேர்டு போட வேண்டும்? மெட்டா கீவேர்ட்ஸில் 60 சொற்கள் போட்டிருக்கிறேன்.

அந்த 60-ஐயும் எடுத்துவிடலாம். பக்கத்தின் கோடில் ஒளிந்திருக்கும் அந்த மெட்டா கீவேர்ட்ஸ் பட்டியலை ரேங்குக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

சொல் தேட மூன்று இடம் போதும். முதலாவது, சர்ச் கன்சோலில் 'பெர்ஃபார்மன்ஸ்' அறிக்கை. என்ன தேடியபோது உங்கள் தளம் தென்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரி எத்தனையாவது இடம் என்று 16 மாதக் கணக்கு அதில் இருக்கும். 'இம்ப்ரெஷன்' (தேடலில் தென்பட்ட தடவை) அதிகம், கிளிக் குறைவு, இடம் 8-லிருந்து 20-க்குள் இருக்கும் வரிகளைத் தனியாக எழுதி வையுங்கள். உங்களுக்கு லாபம் அங்கேதான். 'ஃபைட்டர் மீன் விலை' என்று தேடுபவருக்கு நீங்கள் தென்பட்டும் அவர் கிளிக் செய்யவில்லை என்றால், பக்கத் தலைப்பிலும் உள்ளேயும் விலை இருக்கிறதா பாருங்கள். பல கடைகள் 'விலைக்கு அழைக்கவும்' என்று எழுதி வைக்கின்றன. தேடியவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இரண்டாவது, எந்தச் சொல்லை அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸ். தமிழ்நாட்டை மட்டும் தேர்ந்தெடுத்து இரண்டு சொற்களை ஒப்பிடலாம். அதில் வரும் 0 முதல் 100 வரையிலான எண், தேடியவர்களின் எண்ணிக்கை இல்லை. ஒப்பீட்டு அளவு மட்டுமே. மூன்றாவது, கீவேர்ட் பிளானர். கூகுள் ஆட்ஸ் (கூகுளின் விளம்பரச் சேவை) கணக்கு இருந்தால் திறக்கும். விளம்பரத்துக்குச் செலவு செய்யாதவர்களுக்குச் சரியான எண்ணைத் தராமல் 100 முதல் 1,000 வரை என்று வீச்சாகத்தான் காட்டும். எந்தச் சொல் பெரிது, எது சிறிது என்று தெரிய அது போதும்.

பெரம்பூரில் கேக் கடை. என் ஃபோனில் தேடினால் முதல் இடம். வேளச்சேரியில் இருக்கும் தங்கச்சி தேடினால் காணவே காணோம். ஏன்?

நீங்கள் கடையிலேயே நின்று தேடுகிறீர்கள். உள்ளூர்த் தேடலில் கூகுள் பார்ப்பது பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றை. வேளச்சேரியில் இருப்பவருக்கு அங்கே பக்கத்தில் இருக்கும் கடையைத்தான் அது காட்டும். சொந்த ஃபோனில் ரேங்க் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். கன்சோலில் வரும் சராசரி இடத்தைப் பாருங்கள்.

உங்கள் தளத்தையும் திறந்து பார்த்தேன். ஃபோனில் முகப்புப் படம் வருவதற்குள் பொறுமை போய்விடுகிறது. பக்கத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்து, 'மொபைல்' பகுதியில் எல்.சி.பி. என்ற வரியைப் பாருங்கள். பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ தெரிய எடுக்கும் நேரம் அது. 2.5 விநாடிக்குள் இருந்தால் நல்லது. கேமராவில் எடுத்த கேக் படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். படத்தைச் சுருக்கும் ஸ்குவூஷ் (Squoosh) தளத்தில் போட்டு, அகலத்தை 1,200 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி (WebP) வடிவில் சேமித்து மறுபடி ஏற்றுங்கள். எம்.பி. கணக்கில் இருந்த படம் கே.பி. கணக்குக்கு வந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

திருவொற்றியூரில் டெய்லர் கடை. வெப்சைட் இல்லை. அவசியமா?

இப்போதைக்கு இல்லை. கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை விவரம் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் ஒன்று போதும், அதுவும் இலவசம். போர்டில் இருக்கும் பெயரையே போடுங்கள். 'பெஸ்ட் டெய்லர் சென்னை' என்று பெயரோடு ஒட்டினால் கூகுள் உங்கள் ப்ரொஃபைலையே முடக்கலாம். ரிவ்யூவுக்குத் தள்ளுபடி தருவதும் விதிக்கு எதிரானது. நேரம், ஃபோன் நம்பர், தைத்த ரவிக்கைகளின் நல்ல படங்கள் இருந்தால் ஆள் வரும்.

வியாசர்பாடியில் இருந்து எழுதுகிறேன், கல்லூரி மாணவி. எஸ்.இ.ஓ. கற்க ஆசை. மாதச் சந்தா டூல் இல்லாமல் முடியுமா?

தாராளமாக முடியும், அம்மா. ஸ்க்ரீமிங் ஃபிராக் என்ற மென்பொருள் ஒரு தளத்தின் 500 முகவரிகள் வரை இலவசமாகத் துழாவும்; உடைந்த லிங்க், தலைப்பில்லாத பக்கம் எல்லாம் அதில் தெரிந்துவிடும். ஏஹ்ரெஃப்ஸ் நிறுவனத்தின் வெப்மாஸ்டர் டூல்ஸ், உரிமையை உறுதிசெய்த தளங்களுக்கு இலவசம். யார் யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று காட்டும். பிங் தேடுபொறியின் வெப்மாஸ்டர் டூல்ஸில், கூகுள் கன்சோலில் சேர்த்த தளங்களை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். வேர்ட்பிரஸில் சேர்க்கும் யோஸ்ட் என்ற எஸ்.இ.ஓ. பிளகின் காட்டும் பச்சை விளக்கை மட்டும் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதே; அது அந்தப் பிளகினின் சரிபார்ப்பு, கூகுளுடையது இல்லை. தெருவில் தெரிந்த கடை ஒன்றிடம் அனுமதி வாங்கி, அவர்கள் தளத்தைக் கன்சோலில் சேர்த்து இந்த வாரமே ஆரம்பி. என்ன கண்டுபிடித்தாய் என்று எனக்கு எழுது.