மெர்க்ஸுக்குப் பிறகு யார் பெரியவர்?

கும்பகோணத்தில் விடியக்காலை சைக்கிள் மிதிக்கிற எங்கள் கூட்டத்தில், 1980-க்குப் பிந்திய சாலைப் பந்தய வீரர்களை வரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஸ்லோவேனியாவின் ததேய் பொகாச்சர், பிரான்சின் பெர்னார் இனோ, அயர்லாந்தின் ஷான் கெல்லி, ஸ்பெயினின் மிகேல் இந்துராயின் என்று வைத்தேன். உடனே கேள்விகள் வந்தன.

அண்ணே, எடி மெர்க்ஸ் எங்கே? (வலங்கைமான்)

பெல்ஜியத்தின் அந்த மகாவீரர் 1978-லேயே பந்தயத்தை விட்டுவிட்டார், அதனால்தான். மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் 5 தடவை, அதேபோல் இத்தாலியைச் சுற்றும் ‘ஜீரோ’ பந்தயம் 5 தடவை, மான்யுமென்ட் என்கிற பழம்பெரும் ஒருநாள் பந்தயங்கள் 19. சேர்த்திருந்தால் முதலிடத்துக்குப் பேச்சே கிடையாது.

இனோ டூரை 5 தடவை ஜெயிச்சவர். பொகாச்சர் 2025 வரை 4 தானே? (மன்னார்குடி)

தம்பி, நான் டூரை மட்டும் எண்ணவில்லை. வசந்தத்தில் கல் பாவிய சாலை, கோடையில் மலை, அக்டோபரில் லொம்பார்தியா என்கிற இத்தாலிய மான்யுமென்ட், எல்லாவற்றிலும் ஜெயிக்கிறவன்தான் எனக்குப் பெரியவன். பொகாச்சர் 2021 முதல் 2025 வரை லொம்பார்தியாவை வருஷம் தவறாமல் எடுத்தார். 2024-ல் ஜீரோ, டூர், உலகப் பட்டம் மூன்றும் அவருக்கே. அதற்கு முன் மெர்க்ஸும் ஸ்டீபன் ரோச்சும்தான் அதைச் செய்தவர்கள். அந்த உலகப் போட்டியில், சூரிக்கில், நூறு கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போதே கூட்டத்தை விட்டு முன்னால் பாய்ந்தார். நாம் தஞ்சாவூர் போய்த் திரும்பினாலே 80 தான்.

இனோவும் லேசுப்பட்டவர் இல்லை. 1980-ல் லியேஜ் என்கிற பெல்ஜிய மான்யுமென்டில் பனி கொட்டியது. கிளம்பிய 174 பேரில் 21 பேர்தான் முடித்தார்கள். அவர் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் முந்தி வந்தார், இரண்டு விரல்களில் உணர்வு பழையபடி திரும்பவே இல்லை. அதை நினைத்தால் அவரை இரண்டாவதாக வைக்க மனசு கேட்கவில்லை, ஆனாலும் வைத்தேன்.

ஆம்ஸ்ட்ராங்? (மயிலாடுதுறை)

ஊக்கமருந்துக்காக 7 டூர் பட்டங்களையும் 2012-ல் பறித்துவிட்டார்கள். என் வரிசையில் இடமில்லை.

டூரே ஜெயிக்காத கெல்லிக்கு எப்படி சார் மூன்றாமிடம்? (திருவாரூர்)

அயர்லாந்து விவசாயி மகன். 9 மான்யுமென்ட், 1982 முதல் 88 வரை தொடர்ந்து 7 தடவை பாரிஸ்–நீஸ் என்கிற ஒரு வாரப் பந்தயம், 1988-ல் ஸ்பெயினைச் சுற்றும் மூன்று வார வுவெல்டா. இந்துராயின் 1991 முதல் 95 வரை வரிசையாக 5 டூர் எடுத்தவர்தான், ஆனால் ஒரு மான்யுமென்ட்கூட இல்லை.

பெண்களில் யார் அண்ணா? (கும்பகோணம்)

மரியன் வோஸ், யோசிக்கவே வேண்டாம் தங்கச்சி. 19 வயதில் உலகப் பட்டம், 2008-ல் வட்டமான சைக்கிள் ஓடுதளத்திலும் 2012-ல் சாலையிலும் ஒலிம்பிக் தங்கம். நம்மைப் போலச் சமவெளி நாடான நெதர்லாந்துக்காரர்.

மேடே இல்லாத ஊரில் மிதிக்கிற நாம் இவங்ககிட்ட என்ன கத்துக்கிறது? (நாகப்பட்டினம்)

காற்று! நாகப்பட்டினம்–வேதாரண்யம் சாலை வடக்கு தெற்காகப் போகிறது. ஆடியில் மேல்காற்று, மற்ற நாள் மத்தியானம் கடல்காற்று, இரண்டும் பக்கவாட்டில்தான் அடிக்கும். அப்போது முன்னவருக்கு நேர்பின்னால் ஒளிந்து பிரயோஜனமில்லை. காற்று வராத பக்கமாக விலகி, உங்கள் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்தை ஒட்டி இருக்க, விசிறி விரித்த மாதிரி சாய்வாகப் போகணும். சாலை அகலம் தீர்ந்ததும் ஓரத்தில் நிற்பவருக்கு மறைவு கிடைக்காது, கூட்டம் அங்கேதான் அறுந்துபோகும். 2013 டூரில் ஒரு தட்டையான நாளில் இப்படி அறுந்துதான் பிரிட்டனின் கிறிஸ் ஃப்ரூம் ஒரு நிமிஷத்துக்கு மேல் இழந்தார், அந்த வருஷப் பட்டம் அவருக்கே கிடைத்தாலும். நான்கு பேர் சேர்ந்தால் போதும், ஒரு மத்தியானம் வேளாங்கண்ணியிலிருந்து தெற்கே மிதித்துப் பார்க்கலாம். நானும் வருகிறேன்.